வீடு, சாப்பாடு, குறும்பு: சின்னக் குழந்தைகளின் படப் புத்தகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தகக் கண்காட்சியிலும் நூலகக் கதை நேரத்திலும் பெற்றோர்கள், தாத்தா பாட்டிகள், அங்கன்வாடி ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்களின் பேச்சு நடையிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். கைக்குழந்தை முதல் ஆறு வயது வரைக்கான புத்தகங்களைப் பற்றி மட்டுமே பேச்சு.

படம் போட்ட கதைப் புத்தகம் எல்லாமே படப் புத்தகம்தானே? இதுல தனியா என்ன இருக்கு?

சாதாரணக் கதைப் புத்தகத்தில் படங்களை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். படப் புத்தகத்தில் எடுத்துவிட்டால் கதையே விழுந்துவிடும். பாதிக் கதையை எழுத்து சொல்கிறது, மீதியைப் படம் சொல்கிறது.

ஒரு உதாரணம். பாட்டி முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டு வைக்கிறாள். அடுத்த பக்கத்தில், "அடடா, முறுக்கைக் காணோமே! யாரு எடுத்திருப்பா?" என்று ஒரே ஒரு வரி. படத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு குட்டிப் பாதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. டப்பாவிலிருந்து கட்டில் வரை முறுக்குத் தூள் சிந்தியிருக்கிறது, அதைத் தொடர்ந்து எறும்பு வரிசை. பாட்டிக்குத் தெரியாதது குழந்தைக்குத் தெரிந்துவிட்டது! "பேத்தி கட்டிலுக்கு அடியில் ஒளிந்து முறுக்குத் தின்றாள்" என்று எழுத்தே சொல்லிவிட்டால் அந்தக் குதூகலம் போய்விடும், படம் வெறும் அலங்காரமாகிவிடும்.

கடையில் வாங்கும்போது எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நாலைந்து பக்கம் புரட்டுங்கள். யார், எங்கே, என்ன ஆகிறது என்று படத்திலிருந்தே ஓரளவு பிடிபட வேண்டும். பிறகு எழுத்தைப் படியுங்கள். படத்தில் இருப்பதையே எழுத்து திருப்பிச் சொன்னால் புத்தகத்தை வைத்துவிடலாம்.

எங்க பாப்பாவுக்கு ஏழு மாசம்தான் ஆகுது. புத்தகத்தை வாயிலதான் வைக்குது. இப்பவே வாங்கணுமா?

வாங்கலாம். வாயில் வைப்பது அந்த வயதில் ஒரு பொருளைத் தெரிந்துகொள்ளும் வழி. அதற்குத்தான் கெட்டி அட்டைப் புத்தகங்கள் இருக்கின்றன. முனைகள் வட்டமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும், இரண்டு பெரியவர் உள்ளங்கையளவு போதும், பக்கத்துக்கு ஒரே ஒரு படம். கிண்ணம், வாழைப்பழம், செருப்பு, பூனை போல வீட்டில் தினமும் காண்பவையாக இருந்தால் நல்லது. பளபளப்புத் தூள் தூவியது, பொத்தானும் மணியும் ஒட்டியது வேண்டாம். பிய்ந்து தொண்டைக்குள் போகும்.

ஒரு வயதை ஒட்டி விரல் நீட்டிக் காட்டும், பக்கத்தைத் தானே தள்ளும். இரண்டு வயதில் சின்னக் கதை பிடிபடும். மூன்றில் குறும்புக் கதைக்குத் தயார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கணக்கு இல்லை, சில மாதம் முன்னே பின்னே இருக்கும்.

ஒரு பக்கத்துல எத்தனை வரி இருக்கலாம்?

இரண்டு வயது வரை ஒரு சொல், அல்லது மூன்று நான்கு சொல்லில் ஒரு வாக்கியம். மூன்று வயதில் இரண்டு வாக்கியம். நான்கு, ஐந்து வயதில் நீங்கள் படித்துக் காட்டுவதென்றால் ஐந்தாறு வரி தாங்கும். அதே வயதுப் பிள்ளை தானே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டுமென்றால் மறுபடி ஒரு வரிக்கு வந்துவிடுங்கள். 'படித்துக் காட்டும் புத்தகம்', 'தானே படிக்கும் புத்தகம்' இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்குவதால்தான் பலருடைய பணம் வீணாகிறது.

ஆங்கிலப் புத்தகங்களுக்குச் சொல்லும் சொல் எண்ணிக்கையைத் தமிழுக்கு அப்படியே வைக்காதீர்கள். 'ஒளிந்துகொண்டிருந்தாள்' தமிழில் ஒரே சொல், ஆனால் பத்து எழுத்துக்கு மேல். எழுத்துக்கூட்டும் பிள்ளை நடுவில் வந்ததும் முதல் பாதியை மறந்துவிடும். 'ஒளிந்தாள்' போதும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கான புத்தகத்தில் 'வீட்டுக்குள்ளேயிருந்து' என்று சேர்த்து எழுதாமல் 'வீட்டுக்குள் இருந்து' என்று பிரித்து அச்சிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வரி முடிவில் சொல்லை இரண்டாக உடைத்திருந்தால் அந்தப் பதிப்பு சின்னப் பிள்ளைக்கு ஆகாது.

புத்தகத்துல எழுத்துத் தமிழ் இருக்கு. அப்படியே படிக்கணுமா, நாம பேசற மாதிரி மாத்திச் சொல்லணுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. வயதைப் பொறுத்து மாறும். மூன்று வயதுக்குக் கீழே பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். 'பாட்டி முறுக்கு சுட்டார்' என்பதை 'பாட்டி முறுக்கு சுட்டாங்க' என்றால்தான் அந்தப் பாட்டி குழந்தைக்குத் தன் வீட்டுப் பாட்டியாக இருப்பாள். உங்கள் வட்டார வழக்கு எதுவோ அதிலேயே சொல்லலாம்.

மூன்றரை, நான்கு வயதில் அச்சில் உள்ளபடியும் படிக்கத் தொடங்குங்கள். 'புத்தகக் குரல்' என்று ஒன்று உண்டு, அது பேச்சுக் குரலிலிருந்து கொஞ்சம் வேறு என்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். பள்ளியில் பாடப் புத்தகம் கைக்கு வரும்போது அந்த நடை அந்நியமாக இராது. கதை ஓட்டம் எளிய எழுத்துத் தமிழிலும் பாத்திரங்களின் பேச்சு பேச்சுத் தமிழிலும் இருக்கும் புத்தகம் கிடைத்தால் இந்த வயதுக்கு அதுவே வாய்ப்பானது.

இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, ஒரே வாக்கியத்துக்குள் கலப்பது: 'பாட்டி டப்பாவை எடுத்துட்டு வந்தார்'. காதுக்கு எதுவும் பதியாது. இன்னொன்று, வரிக்கு அடியில் விரல் வைத்துக்கொண்டு வேறு சொல்லைச் சொல்வது. விரல் 'சென்றாள்' மேல் இருக்க, வாய் 'போனா' என்றால், எழுத்து கற்கும் பிள்ளை குழம்பிவிடும். விரல் வைத்தால் அச்சில் உள்ளதை மட்டும் படியுங்கள்.

எப்பப் பாத்தாலும் அதே புத்தகத்தையே எடுத்துட்டு வர்றா. வேற வாங்கிக் குடுத்தாலும் தொடமாட்டேங்கிறா.

அதையே படியுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுப் பிள்ளைகள், வேறு வேறு கதைகளைக் கேட்டவர்களைவிடப் புதிய சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். முதல் தடவை கதை, அடுத்த தடவை படத்தின் மூலை முடுக்கு, அப்புறம் சொற்கள் என்று ஒவ்வொரு தடவையும் குழந்தை வேறொன்றைப் பார்க்கிறது.

நாலைந்து தடவை ஆன பிறகு, வரியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்திப் பாருங்கள். "முறுக்கைக்..." என்றதும் "காணோமே!" என்று கத்துவாள். நீங்கள் ஒரு பக்கத்தைத் தாவினால் கையைப் பிடித்து நிறுத்துவாள்.

அப்போ எழுத்தே தெரியாம மனப்பாடமா ஒப்பிக்கிறதுக்குப் பேர் படிப்பா?

ஆமாம், படிப்பின் முதல் படி அது. இடமிருந்து வலம் போவது, பக்கத்தைத் திருப்பினால் அடுத்தது வருவது, ஒரே வரி எப்போதும் ஒரே மாதிரி ஒலிப்பது எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. "எழுத்தைப் பாத்துப் படி, சும்மா சொல்லாத" என்று அதட்டாதீர்கள்.

கதை நடுவுல கேள்வி கேக்கணும்னு சொல்றாங்க. நான் கேட்டா எழுந்து ஓடிடறான்.

கேள்வி பரீட்சை போல இருந்தால் ஓடத்தான் செய்வான். "இது என்ன கலர்? இது என்ன பழம்?" என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்டால் கதை அறுந்துவிடும். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் குழுவினரும் 1988இல் வெளியிட்ட 'உரையாடல் வாசிப்பு' முறை இதற்கு உதவும். முதல் தடவை கேள்வியே இல்லாமல் முழுக் கதையையும் படியுங்கள். அடுத்த தடவைகளில் ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க என்ன நடக்குது?" என்று மட்டும் கேளுங்கள். "எறும்பு" என்பான். "ஆமா, எறும்பு வரிசையா கட்டிலுக்கு அடியில போகுது" என்று அவன் சொன்னதை நீட்டிக் கொடுங்கள். ஒரு புத்தகத்துக்கு மூன்று கேள்வி தாராளம்.

சாப்பாட்டுப் புத்தகம் படிச்சா காய்கறி சாப்பிடுவானா?

சாப்பிட்டுவிடுவான் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் வாயில் வைத்துப் பார்க்கும் தைரியம் கூடும். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வுகளில், குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத ஒரு காயைப் பற்றிய படப் புத்தகத்தை இரண்டு வாரம் வீட்டில் பார்க்கச் செய்தார்கள். அதன் பிறகு அந்தக் காயைச் சுவைத்துப் பார்க்கப் பிள்ளைகள் கூடுதலாக முன்வந்தார்கள். முகம் பழகிய காய் பயமுறுத்தாது, அவ்வளவுதான்.

அதனால் காய் கொடியில் தொங்குவது, சந்தையில் எடை போடுவது, நறுக்குவது, தட்டுக்கு வருவது என்று முழு வழியையும் காட்டும் புத்தகமாகப் பாருங்கள். பீர்க்கங்காய்ப் புத்தகம் பார்த்த வாரத்தில் வீட்டுக்கு ஒரு பீர்க்கங்காய் வாங்கி, அதன் முதுகு வரியைத் தடவிப் பார்க்கக் கொடுங்கள். ஊட்டும் நேரத்தில் மட்டும் புத்தகத்தைக் காட்ட வேண்டாம். பக்கம் பார்த்தால்தான் வாய் திறப்பேன் என்று ஆகிவிடும், புத்தகமும் குழம்பாகும்.

சாப்பாட்டுப் படத்துல எதைக் கவனிக்கணும்? எல்லாம் அழகாத்தானே இருக்கு.

அழகைவிடச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் அடுப்படியைத் தினமும் பார்க்கிறவர்கள். இட்லித் தட்டில் குழி இல்லையென்றாலோ, முறுக்கு அச்சு ஜல்லிக் கரண்டி போலிருந்தாலோ உடனே கண்டுபிடிப்பார்கள். ஒலியும் முக்கியம். தோசைக்கல்லில் மாவு விழுந்தால் 'சொய்ங்', கடுகு 'படபட', அப்பளம் 'நொறுக்'. தமிழில் இத்தனை ஒலிச்சொற்கள் கொட்டிக் கிடக்கும்போது 'தோசை சத்தமிட்டது' என்று எழுதிய புத்தகத்தை வாங்குவானேன்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் படப் புத்தகங்களில் இட்லி, தோசை, லட்டு மட்டும்தான் சாப்பாடு என்பது போல ஒரு தோற்றம் இருக்கிறது. கருவாட்டுக் குழம்பும், கேப்பைக் களியும், பிரியாணியும், மாட்டுக்கறியும், யாழ்ப்பாணத்து இடியாப்பமும் சொதியும் வேக வைக்கும் வீட்டுப் பிள்ளைகளும் தங்கள் தட்டைப் புத்தகத்தில் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுச் சாப்பாடும், உங்கள் வீட்டில் இல்லாத சாப்பாடும் இரண்டும் அலமாரியில் இருக்கட்டும். "சீ, இதையா திங்குறாங்க" என்று எந்தப் பக்கத்திலும் முகம் சுளிக்காதீர்கள்.

குறும்புக் கதை படிச்சா இவனும் அதையே செய்ய மாட்டானா?

சிலதைச் செய்து பார்ப்பான். மாவைக் கொட்டுவான், ஒளிந்துகொள்வான், அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பான். அவை துடைத்தால் போகும் குறும்புகள். புத்தகம் இல்லாவிட்டாலும் செய்வான். கதையில் வேறொரு பிள்ளை செய்ததைப் பார்த்துச் சிரிக்கும்போது, தான் மட்டும் கெட்ட பிள்ளை இல்லை என்று அவனுக்குத் தெரிகிறது.

எல்லையை ஆபத்தில் வையுங்கள். அடுப்பு, தீப்பெட்டி, கிணறு, தண்ணீர்த் தொட்டி, மின்சார பிளக், மாத்திரைப் பட்டை ஆகியவற்றோடு விளையாடுவதை வேடிக்கையாகக் காட்டும் புத்தகம் நான்கு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். அந்த வயதில் கதை வேறு, நிஜம் வேறு என்ற கோடு இன்னும் உறுதியாகவில்லை.

அடுத்து, குறும்புக்குப் பின் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கடைசி நான்கு பக்கத்தைப் பாருங்கள். அம்மா கோபப்படலாம், துடைக்கச் சொல்லலாம். அடிப்பது, இருட்டறையில் விடுவது, நாலு பேர் முன்னால் தலைகுனிய வைப்பது சிரிப்பாக வரையப்பட்டிருந்தால் அந்தப் புத்தகம் வீட்டுக்குள் வரக் கூடாது. குண்டு, கறுப்பு, திக்குவாய் என்று உடலை வைத்துச் சிரிக்க வைப்பதும் அப்படியே.

கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா கடைசியில நீதியே இல்லையே?

நீதியை நேராகச் சொல்ல ஔவையின் ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் இருக்கின்றன. அவற்றைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. படப் புத்தகத்துக்கு வேறு வேலை. முறுக்குக் கதையின் கடைசிப் பக்கத்தில் பாட்டியும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிறாள், பேத்தி கையில் இருக்கும் கடைசி முறுக்கைப் பாதி உடைத்து நீட்டுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே 'திருடுவது தவறு' என்று அச்சிட்டால், அந்தப் பாதி முறுக்கு சொன்னதைக் குழந்தை கேட்காமலே போய்விடும். அப்படி அச்சிட்டிருந்தால் அந்த வரியைப் படிக்காமல் புத்தகத்தை மூடலாம்.

புத்தகத்துல எல்லாம் அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைங்க. எங்க வீட்ல நானும் எங்கம்மாவும்தான் பிள்ளையை வளர்க்கிறோம்.

உங்கள் வீடு போன்ற குடும்பம் வரும் புத்தகம் ஒன்றாவது தேடி வாங்குங்கள். மற்றவற்றைப் படிக்கும்போது "நம்ம வீட்ல இது யாரு செய்வாங்க?" என்று கேட்டால் போதும், பிள்ளையே பொருத்திக்கொள்ளும். அப்பா சமைக்கும், அம்மா வண்டி பழுது பார்க்கும் வீடுகளும் படத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முறைப் பெயர்களைத் தயங்காமல் மாற்றுங்கள். 'பாட்டி' என்று அச்சில் இருந்தாலும் உங்கள் வீட்டில் அப்பத்தா, அம்மாச்சி, ஆயா, அம்மம்மா எதுவோ அதைச் சொல்லுங்கள். (விரல் வைத்துப் படிக்கும் வயது வந்துவிட்டால் மேலே சொன்ன விதிதான்.) 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்று பொதுவாக விட்டிருக்கும் மொழிபெயர்ப்பில் அது அத்தையா, சித்தியா, பெரியம்மாவா என்று படத்தைப் பார்த்து நீங்களும் பிள்ளையும் சேர்ந்து முடிவு செய்யலாம்.

மொழிபெயர்ப்புப் புத்தகம் வாங்கலாமா?

தாராளமாக. சத்தம் போட்டு இரண்டு பக்கம் படித்தால் தரம் தெரிந்துவிடும். வாக்கியத்துக்கு வாக்கியம் 'அவள்', 'அவன்', 'அது' வந்தால், மூச்சு நடுவில் முட்டினால், 'அம்மாவால் சோறு சமைக்கப்பட்டது' போல எங்காவது இருந்தால் வைத்துவிடுங்கள். பாட்டாக இருந்த மூலத்தை உரைநடையாக்கி, பாட்டு போல வரி உடைத்திருந்தாலும் நாக்கில் ஏறாது.

எங்க கிடைக்கும்? விலை கட்டுப்படியாகலை.

சென்னையில் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ், 1996இல் தொடங்கிய தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன், நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியவற்றின் பட்டியலைப் பாருங்கள். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். இலவசமாகப் படிக்கலாம், பதிவிறக்கலாம், எழுதியவர், வரைந்தவர் பெயரோடு அச்சிட்டும் கொடுக்கலாம். நான்கு படிநிலையாகப் பிரித்திருப்பதால் வயதுக்குத் தேடுவது எளிது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாக இருக்கின்றன.

தாத்தா வீட்டுப் பரணில் கிடைக்கும் பழைய புத்தகங்களில் 'லை', 'னை', 'றா' போன்றவை வேறு உருவில் இருக்கும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய அச்சு அது. நீங்கள் படித்துக் காட்ட ஒரு தடையும் இல்லை. எழுத்து பழகும் பிள்ளை கையில் மட்டும் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

புத்தகத்தைக் கிழிச்சுட்டா. செல்லோ டேப் ஒட்டலாமா?

வேண்டாம். சில வருடத்தில் மஞ்சளாகி, பிசுபிசுத்து, பக்கத்துப் பக்கத்தையும் பிடித்து இழுக்கும். மெல்லிய வெள்ளைத் தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து (வெட்டினால் ஓரம் தடிக்கும்), வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டு லேசாக்கித் தடவி, கிழிசலின் பின்பக்கம் எழுத்து இல்லாத இடத்தில் ஒட்டுங்கள். மேலும் கீழும் பிளாஸ்டிக் தாள் வைத்துக் கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு இருக்கட்டும். மைதாப் பசை காகிதத்துக்கு நல்லதுதான், ஆனால் கரப்பானையும் வெள்ளிப் பூச்சியையும் வரவழைக்கும். கடலோர ஊர்களில் புத்தகத்தின் நடுவில் அடித்திருக்கும் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துக் காகிதத்தை அரிக்கும். பின்னைப் பிடுங்கிவிட்டு நூலால் தைத்துவிடுங்கள், முறை அடுத்த பதிலில்.

நாங்களே வீட்டுல ஒரு புத்தகம் செய்யலாமா?

செய்யலாம். ஏ4 தாள் நான்கை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 16 பக்கம். இப்படி மடித்துத் தைக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகத்தான் வரும். முதல் பக்கம் முன்னட்டை, கடைசி பின்னட்டை. உள்ளே விரித்தால் ஏழு இரட்டைப் பக்கம். கதையையும் ஏழு காட்சியாகப் பிரியுங்கள். முறுக்குக் கதை என்றால்: பாட்டி பிழிகிறாள், டப்பா நிறைகிறது, டப்பா காலி, அப்பாவிடம் விசாரணை, பூனையிடம் விசாரணை, பாட்டி எறும்பு வரிசையைப் பார்க்கிறாள், கட்டிலுக்கு அடியில். கேள்வி ஒரு விரிப்பில் இருந்தால் பதில் பக்கத்தைத் திருப்பிய பிறகே வர வேண்டும். ஒரே விரிப்பில் இரண்டும் இருந்தால் சுவாரசியம் செத்துப்போகும்.

முதலில் பென்சிலால் கிறுக்கி ஒரு மாதிரிப் புத்தகம் செய்து படித்துப் பார்த்துவிட்டு, பிறகு நல்ல தாளில் வரையுங்கள். மடிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளியே முகமும் எழுத்தும் இருக்கட்டும், இல்லாவிட்டால் தையலுக்குள் போய்விடும். எழுத்து ஒவ்வொன்றும் குழந்தையின் சுண்டுவிரல் நகத்தளவு இருக்க வேண்டும்.

தைக்க, மடிப்பில் நடுவிலும், மேலும் கீழும் ஒவ்வொன்றாகவும் மூன்று துளை. ஊசியை நடுத் துளையில் உள்ளிருந்து வெளியே விடுங்கள். மேல் துளை வழியாக உள்ளே வந்து, உட்பக்கமாகவே நேராகக் கீழ்த் துளைக்கு இறங்கி வெளியே போய், மறுபடி நடுத் துளை வழியாக உள்ளே வாருங்கள். இரண்டு நுனியும் நடுவில் ஓடும் நீள நூலின் இரு பக்கமும் இருக்கும்படி முடிச்சுப் போட வேண்டும். ஒரே பக்கம் இருந்தால் தையல் தொளதொளக்கும்.

பாட்டி இறந்துபோற கதை ஒண்ணு இருக்கு. இதையெல்லாம் குழந்தைகிட்ட படிக்கலாமா?

படிக்கலாம். வீட்டில் அப்படி ஒன்று நடந்திருந்தால் இன்னும் அவசியம். முதலில் நீங்கள் தனியாக ஒரு தடவை படித்துப் பாருங்கள், குரல் எங்கே உடையும் என்று தெரிந்திருக்கும். 'தூங்கிட்டாங்க', 'ஊருக்குப் போயிருக்காங்க', 'சாமி கூட்டிட்டுப் போயிடுச்சு' என்று சுற்றி வளைக்கும் புத்தகங்களைத் தவிருங்கள். சின்னப் பிள்ளைகள் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். தூங்கப் பயப்படுவார்கள், அல்லது பஸ் நிறுத்தத்தில் பாட்டியைத் தேடுவார்கள். 'இறந்துட்டாங்க, இனிமே வர மாட்டாங்க' என்று நேராகச் சொல்லி, அவள் சுட்ட பணியாரத்தையும் அவள் வைத்த செல்லப் பெயரையும் பற்றிப் பேசும் புத்தகமாக இருக்கட்டும்.

நடுவில் குழந்தை புத்தகத்தை மூடிவிட்டு விளையாடப் போனால் கூப்பிடாதீர்கள். கை எட்டும் உயரத்தில் வைத்துவிடுங்கள். தானே எடுத்து வரும் நாளில், எந்தப் பக்கத்தைத் திறக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து படியுங்கள்.